நல்ல பல்கலையிலிருந்து இன்னொரு நல்ல பல்கலைக்கு டிரான்ஸ்ஃபர்: உண்மையில் வாய்ப்பு எவ்வளவு?

#1 எடிசன்_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் போன ஆகஸ்டில் அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பக்கம் ஒரு தனியார் பல்கலையில் சேர்ந்தாள். பேர் பெற்ற இடம்தான், பத்தில் ஒருவருக்குக்கூட அட்மிஷன் கிடைக்காது. பொருளாதாரம் படிக்கிறாள். முதல் செமஸ்டர் ஜிபிஏ (கிரேடு சராசரி) 4-க்கு 3.9.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவள் டிரான்ஸ்ஃபர் போடப்போகிறேன் என்கிறாள். பென் (பென்சில்வேனியா பல்கலை), கொலம்பியா, கார்னெல் மூன்றும் லிஸ்டில் இருக்கின்றன. பள்ளி முடிக்கும்போது மூன்றிலும் கிடைக்கவில்லை. இப்போது படிக்கும் இடமும் பெரிய இடம் என்பதால் இந்த முறை சுலபமாக இருக்கும் என்று நினைக்கிறாள். அப்படியா? மார்ச் மாதம் கடைசித் தேதி. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். செலவையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

#2 வைகைக்கரை

வணக்கம் ஐயா. கிழக்குக் கரையில் ஒரு பல்கலையின் பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அட்மிஷன் முடிவு எடுப்பது நாங்கள் இல்லை. ஆனால் மாறி வருகிற பிள்ளைகளின் கிரெடிட் (முடித்த பாடங்களுக்கான புள்ளிகள்) எல்லாம் எங்கள் மேசைக்குத்தான் வருகிறது. அந்த அளவில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இடக்கணக்கு. பள்ளி முடித்து வருகிறவர்களுக்கு ஒரு வகுப்பு முழுவதையும் நிரப்ப வேண்டும். டிரான்ஸ்ஃபர் என்பது ஓடுகிற பேருந்தில் நடுவழியில் ஏறுவது போல. யாராவது இறங்கியிருந்தால்தான் இருக்கை. பெரிய பெயர் உள்ள இடங்களில் யாரும் இறங்குவதே இல்லை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டனில் முதலாண்டு முடித்தவர்களில் நூற்றுக்கு 97, 98 பேர் இரண்டாம் ஆண்டுக்கு அங்கேயே திரும்புகிறார்கள். அதனால் ஹார்வர்ட் டிரான்ஸ்ஃபரில் எடுப்பது ஆண்டுக்குச் சராசரியாக 12 பேர். யேலில் 20 முதல் 30 இடம், விண்ணப்பம் ஆயிரத்துக்கு மேல். 2008-இல் விடுதி நெருக்கடி என்று சொல்லி ஹார்வர்ட் இரண்டு வருடத்துக்கு டிரான்ஸ்ஃபரையே நிறுத்தியது. அந்த வருடம் விண்ணப்பம் போட்டு முடித்திருந்த பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அந்த அறிவிப்பு. பிள்ளைகளின் தகுதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, படுக்கை இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, இருக்கிற சில இடங்களும் யாருக்காக என்பது. பிரின்ஸ்டன் 1990-க்குப் பிறகு டிரான்ஸ்ஃபரே எடுக்கவில்லை. 2018-இல் மறுபடி தொடங்கியபோது 1,429 விண்ணப்பங்களில் 13 பேருக்கு இடம் கொடுத்தார்கள். கம்யூனிட்டி காலேஜில் (கட்டணம் குறைந்த இரண்டாண்டுக் கல்லூரி) படித்தவர்கள், ராணுவத்தில் இருந்து வந்தவர்கள், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் இவர்களுக்கு வழி திறப்பதுதான் நோக்கம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ஏற்கெனவே ஒரு நல்ல பல்கலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அந்த வரிசையில் பின்னால்தான் நிற்கும்.

ஆகவே உங்கள் மகள் நினைப்பதற்கு என் பதில்: இப்போதைய கல்லூரியின் பெயர், பாடச்சுமையைத் தாங்குவாள் என்பதற்குச் சான்று. அதற்கு மேல் அது தூக்கிவிடாது. "இவ்வளவு நல்ல இடத்தில் இருக்கிறாயே, பிறகு ஏன் வருகிறாய்?" என்ற கேள்வியையும் அது கூடவே கொண்டு வருகிறது. அதற்கு அவளிடம் பதில் இருக்கிறதா?

#3 டல்லாஸ்_தம்பி

இப்படி பயமுறுத்தினா யாருமே போட மாட்டாங்க. ஒபாமா ஆக்ஸிடென்டல் காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சுட்டு கொலம்பியாவுக்கு மாறினவர்தானே? போடாம இருந்தா வாய்ப்பு சைபர். போட்டா ஏதோ கொஞ்சம். ஃபீஸ் நூறு டாலருக்குள்ள முடிஞ்சிடும். பொண்ணு ஆசைப்படுறா, போடட்டும் சார்.

#4 வைகைக்கரை

தம்பி, ஒபாமா மாறியது 1981-இல். அன்றைய கொலம்பியாவும் இன்றைய கொலம்பியாவும் ஒன்றில்லை. போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "போட்டா கொஞ்சம்" என்பது இடத்துக்கு இடம் வேறு, அதைப் பார்த்துப் போடுங்கள் என்கிறேன்.

பார்ப்பது கஷ்டமில்லை. பெரும்பாலான பல்கலைகள் வருடாவருடம் "காமன் டேட்டா செட்" என்று ஓர் ஆவணம் வெளியிடும். பல்கலைப் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் டி என்ற பகுதி முழுக்க டிரான்ஸ்ஃபர் பற்றியது. ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, எத்தனை பேர் சேர்ந்தார்கள். ஆண், பெண் தனித்தனி வரிசை. சற்றுக் கீழே வந்தால் எந்த கிரேடுக்குக் குறைந்தால் கிரெடிட் ஏற்க மாட்டார்கள், பட்டம் வாங்க அங்கேயே குறைந்தது எத்தனை கிரெடிட் முடிக்க வேண்டும் என்பதும் இருக்கும். நாலைந்து வருடத்து ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வருடம் 40, அடுத்த வருடம் 15 என்று குதிக்கிற இடங்கள் உண்டு. அந்த வருட விடுதி நிலவரம் அப்படி. இணையத்தில் சுற்றுகிற "டிரான்ஸ்ஃபர் ரேட்" பட்டியல்களை விட இது நம்பகமானது.

அப்படிப் பார்த்தால் உங்கள் மகள் சொன்ன மூன்றும் ஒரே மாதிரி இல்லை. பென்னில் ஒற்றை இலக்க சதவீதம். கார்னெல் ஆண்டுதோறும் 500-க்கு மேல் எடுக்கிறது. ஐவி லீக் என்கிற எட்டுப் பழைய தனியார் பல்கலைகளில் கார்னெல் மட்டும் தனி ரகம்.

#5 எடிசன்_அப்பா

கார்னெல் மட்டும் ஏன் அவ்வளவு எடுக்கிறது?

#6 வைகைக்கரை

கார்னெலின் சில கல்லூரிகள் நியூயார்க் மாநில அரசின் ஆதரவில் நடப்பவை. வேளாண்மை மற்றும் உயிர் அறிவியல், மனித சூழலியல், தொழில் மற்றும் தொழிலாளர் உறவுகள், கால்நடை மருத்துவம். மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ்களோடு அவற்றில் சிலவற்றுக்கு ஒப்பந்தம் உண்டு; அந்தப் பாதையில் வருகிறவர்களை எதிர்பார்த்தே இடம் வைத்திருக்கிறார்கள். இது போக, பள்ளி முடிக்கும்போதே சிலருக்கு "ஒரு வருடம் வேறெங்காவது படி, இந்தப் பாடங்களை இந்த கிரேடோடு முடி, இரண்டாம் ஆண்டுக்கு வா" என்று கடிதம் கொடுப்பார்கள். அப்படி வருகிறவர்களும் இதே கணக்கில்தான் சேர்கிறார்கள். ஆகவே மொத்த சதவீதத்தைப் பார்த்து நம் பிள்ளைக்கும் அவ்வளவு வாய்ப்பு என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொன்று, அங்கே பொதுவாக "கார்னெலுக்கு" என்று போட முடியாது. ஏதாவது ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்துத்தான் போட வேண்டும். ஒவ்வொன்றும் முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டிய பாடங்களின் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஒன்று விடுபட்டால் 3.9 இருந்தும் பிரயோஜனமில்லை. இந்த ஸ்பிரிங் செமஸ்டருக்கு என்ன பாடம் பதிவு செய்திருக்கிறாள் என்று இன்றே பாருங்கள். மாற்ற நினைத்தால் முதல் ஓரிரு வாரத்துக்குள்தான் முடியும்.

#7 சான்ஹோசே_மீனா

வைகைக்கரை சொல்றது தனியார் கதை. கலிஃபோர்னியாவுல நிலைமையே வேற, அதையும் எழுதிடறேன். இந்த இழையைப் படிக்கிற வேற அப்பா அம்மாவுக்கு உதவும்.

எங்க பையன் பள்ளி முடிச்சு நேரா கம்யூனிட்டி காலேஜ்தான் போனான். சொந்தக்காரங்க எல்லாம் "ஏன், மார்க் வரலையா?"ன்னு கேட்டாங்க. இங்கேயே குடியிருக்கறவங்களுக்கு ஒரு யூனிட் 46 டாலர். ரெண்டு வருஷம் வீட்ல சாப்பிட்டு, வீட்ல தூங்கிப் படிச்சான். இப்போ யூசிஎல்ஏல (யூசின்னு சொல்ற கலிஃபோர்னியா அரசுப் பல்கலையோட லாஸ் ஏஞ்சலஸ் கேம்பஸ்) மூணாவது வருஷம். யூசிஎல்ஏ டிரான்ஸ்ஃபர்ல ஏறக்குறைய நாலு பேர்ல ஒருத்தருக்குக் கிடைக்குது. பள்ளியிலிருந்து நேரா போட்டா பத்துல ஒருத்தருக்கே கிடைக்காது. ஆனா அந்த டிரான்ஸ்ஃபர்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைங்க. மாநிலக் கொள்கையே அதுதான்.

டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ், இந்த ஆறு யூசி கேம்பஸுக்கு "டேக்"னு ஒண்ணு இருக்கு. சொன்ன பாடத்தைச் சொன்ன ஜிபிஏவோட முடிச்சா இடம் உறுதி. செப்டம்பர் மாசத்துல போடணும், ஆறுல ஒண்ணுக்குத்தான் போடலாம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ அதுல இல்லை.

அசிஸ்ட்னு ஒரு தளம். இந்த காலேஜோட இந்தக் கணக்குப் பாடம் அந்த யூசியோட எந்தப் பாடத்துக்குச் சமம்னு ரெண்டு பத்தியா எதிரெதிரே போட்டிருப்பான். நாங்க முதல் செமஸ்டருக்கு முன்னாடியே அதைப் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டோம். ஒவ்வொரு பாடம் முடியும்போதும் பையன் பேனாவால அடிச்சுட்டே வந்தான். ஒரு கிரெடிட்கூட வீணாகலை.

ஆனா எடிசன் சார், உங்க மக ஒரு தனியார் பல்கலையிலிருந்து யூசிக்குப் போட்டா அந்த முன்னுரிமை கிடையாது. வெளிமாநிலக் கட்டணம் வேற. அந்த ஆசையில போட்டுடாதீங்க.

#8 டல்லாஸ்_தம்பி

மீனா அக்கா, லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கற யூஎஸ்சி? அது தனியார்தானே, அங்க நிறைய எடுக்கறாங்கன்னு கேள்வி.

#9 சான்ஹோசே_மீனா

ஆமாம் தம்பி, வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல எடுக்கறாங்க, சேர்றவங்கள்ல பாதிப் பேர் கம்யூனிட்டி காலேஜ்லேருந்து. தனியார்ல டிரான்ஸ்ஃபரை மனசார எடுக்கிற இடம்னா அதைச் சொல்லலாம். ஆனா விண்ணப்பம் பிப்ரவரியிலேயே முடிஞ்சிடும், தேதி பார்த்துக்கோங்க.

#10 காவிரி_மாணவன்

வணக்கம். நான் திருச்சியிலிருந்து எஃப்-1 (மாணவர்) விசாவில் வந்து இங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வெளிநாட்டு மாணவர்கள் நிலைமையை யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

விசா பிரச்சினையே இல்லை, உண்மையில். புதிய பல்கலையின் அட்மிஷன் கடிதத்தைக் காட்டினால், இப்போதைய பல்கலையின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் ஒரு தேதி குறித்து செவிஸ் என்ற அரசுப் பதிவேட்டில் உள்ள நம் பதிவை அங்கே அனுப்பிவிடும். பிறகு புது ஐ-20 (மாணவர் தகுதிப் படிவம்) வரும். பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவில் பழைய பல்கலையின் பெயர் இருந்தாலும் காலாவதி ஆகாத வரை அது செல்லும். ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு பழைய கேம்பஸில் வேலை பார்க்கக் கூடாது. இரண்டு படிப்புக்கும் இடையே ஐந்து மாதத்துக்கு மேல் இடைவெளி விழவும் கூடாது.

பிரச்சினை பணம். பள்ளி முடித்து வருகிற வெளிநாட்டு மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் பார்க்காமல் அட்மிஷன் தருகிற பல்கலைகளே கையளவு. டிரான்ஸ்ஃபருக்கு அது இன்னும் சுருங்கிவிடுகிறது. எய்ட் (நிதியுதவி) வேண்டும் என்று டிக் அடித்தால் விண்ணப்பம் தனி அடுக்குக்குப் போய்விடும். என் நண்பன் ஒருவனுக்கு இப்போதைய இடத்தில் மெரிட் ஸ்காலர்ஷிப் பாதிக் கட்டணத்தை ஏற்கிறது. அவன் ஓர் ஐவி பல்கலைக்கு மாற ஆசைப்பட்டான். ஐவியில் மெரிட் ஸ்காலர்ஷிப் என்பதே கிடையாது, குடும்பத் தேவை பார்த்துத்தான் உதவி. ஊரில் அப்பாவோடு உட்கார்ந்து நான்கு வருடக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, மாறுகிற யோசனையை விட்டுவிட்டான். அது சரியான முடிவு என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

#11 லண்டன்_கிளி

இஞ்ச இங்கிலாந்திலயும் இதே கேள்வி அடிக்கடி வாறது. ஒக்ஸ்ஃபோர்டுக்கு வேற பல்கலைக்கழகத்திலிருந்து இடையில மாறேலாது, அவையள் எடுக்கிறேல்ல. வேணுமெண்டால் திரும்ப முதலாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கலாம். இஞ்சத்தைப் பட்டப்படிப்பு முதல் நாளிலிருந்தே ஒரே பாடம்தான், அமெரிக்காவில மாதிரி கிரெடிட் சேர்த்துக் கொண்டுபோற முறை அவ்வளவாய் இல்லை. திரும்ப முதலிலிருந்து தொடங்கினால் ஸ்டூடண்ட் ஃபினான்ஸ் எண்ட அரசாங்கக் கல்விக் கடனில படிப்புக் காலத்தோட மேலதிகமா ஒரு வருஷம்தான் தருவினம், முந்திப் படிச்ச வருஷம் அதில கழியும். ஒரு வருஷம் படிச்சுப்போட்டு மாறினால் சமாளிக்கலாம். இரண்டு வருஷம் படிச்சுப்போட்டு மாறினால் ஒரு வருஷக் கட்டணம் கையால கட்டவேணும். அமெரிக்கப் பிள்ளையளுக்கு இடையில ஒரு கதவாவது இருக்கு.

#12 தாமிரபரணி

எல்லோரும் சதவீதம் பேசுகிறீர்கள். நான் ஒரு தாயாகக் கேட்கிறேன்: அந்தப் பெண் அங்கே சந்தோஷமாக இருக்கிறாளா?

என் இரண்டு பிள்ளைகளும் வெளியூரில் படித்தவர்கள். முதல் செமஸ்டர் முடிந்து வீட்டுக்கு வருகிற பிள்ளை டிரான்ஸ்ஃபர் என்று சொன்னால், பாதி நேரம் அது கல்லூரியைப் பற்றிய பேச்சே இல்லை. குளிர், நாலரை மணிக்கே இருட்டு, ரூம்மேட்டோடு ஒத்துவரவில்லை, பள்ளித் தோழிகள் நியூயார்க்கில் ஒன்றாக எடுக்கிற படங்கள் ஃபோனில் வந்துகொண்டே இருக்கும். என் மூத்தவள் ஜனவரியில் விண்ணப்பம் எல்லாம் திறந்து வைத்தாள். ஏப்ரலில் ஒரு நடனக் குழுவில் சேர்ந்தாள், அதன் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை, காத்திருந்தேன்.

மாறிப் போகிற இடத்தில் நட்பு வட்டங்கள் முதல் வருடத்திலேயே அமைந்துவிட்டிருக்கும் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். தனிமையால்தான் கிளம்புகிறாள் என்றால், அங்கே முதல் ஆறு மாதம் இதைவிடத் தனிமையாக இருக்கும்.

#13 எடிசன்_அப்பா

தாமிரபரணி அம்மா, நன்றி. நேற்று இரவு அவளோடு நிதானமாகப் பேசினேன். தனிமை கொஞ்சம் இருக்கிறதுதான், அவளே ஒத்துக்கொண்டாள். ஆனால் வேறு ஒன்றும் வந்தது. போன செமஸ்டரில் தொழிற்சங்கங்களின் வரலாறு பற்றி ஒரு செமினார் எடுத்திருக்கிறாள். அந்தப் பேராசிரியர் ஓய்வு பெறுகிறார், துறையில் அந்தப் பக்கம் வேறு ஆளில்லை. கூலி, வேலைநிறுத்தம், தொழிலாளர் சட்டம் இவைதான் தனக்குப் படிக்க வேண்டும் என்கிறாள். இதை இத்தனை நாளும் என்னிடம் சொல்லவே இல்லை. நானும் பென், கொலம்பியா என்றதும் ரேங்க்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். கார்னெலில் தொழிலாளர் உறவுகள் கல்லூரி என்று வைகைக்கரை எழுதியதை அவளிடம் காட்டினேன். இரவு ஒரு மணி வரை அந்தப் பாடப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள்.

#14 வைகைக்கரை

ஐயா, இது முற்றிலும் வேறு விண்ணப்பம். 1945-இல் தொடங்கிய கல்லூரி அது, இளங்கலையில் தொழிலாளர் உறவுகளுக்கென்றே தனிக் கல்லூரி இந்த நாட்டில் அபூர்வம். "உங்கள் பெயர் பெரியது" என்று எழுதுகிற ஆயிரம் கட்டுரைகளுக்கு நடுவே "இந்தப் பாடம் என் கல்லூரியில் இல்லை, இன்ன செமினார் எடுத்தேன், இன்ன கேள்வி எஞ்சியிருக்கிறது" என்று எழுதுகிற கட்டுரை தனியாகத் தெரியும். இப்போதைய கல்லூரியைக் குறை சொல்லி ஒரு வரிகூட வேண்டாம். அங்கே கிடைத்ததைச் சொல்லி, கிடைக்காததைச் சொன்னால் போதும். ஓய்வு பெறப்போகும் அந்தப் பேராசிரியரிடமே ரெக்கமண்டேஷன் கேட்கச் சொல்லுங்கள். அவளை நேரில் அறிந்தவர் எழுதும் கடிதத்துக்கு இணை வேறில்லை.

முதல் வருடத்திலேயே போடுவதால் ஒரு செமஸ்டர் கிரேடுதான் கையில் இருக்கும். அப்போது பள்ளி மதிப்பெண்களைத்தான் அதிகம் பார்ப்பார்கள், போன வருடம் பார்த்த அதே காகிதம். இரண்டாம் வருடம் போட்டால் கல்லூரி கிரேடு பேசும். ஆனால் அதற்கு மேல் தள்ளக் கூடாது, பட்டத்துக்குக் கடைசி இரண்டு வருடமாவது அங்கேயே படிக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி. ஹார்வர்டில் இரண்டு வருடத்துக்கு மேல் வேறெங்காவது படித்துவிட்டால் விண்ணப்பிக்கவே முடியாது.

கிரெடிட் பற்றி ஒரு விஷயம், இது என் தினசரி வேலை. மாறி வருகிற பிள்ளை "புள்ளியியல், 4 கிரெடிட், ஏ" என்று டிரான்ஸ்கிரிப்ட் கொடுப்பார். அதை வைத்து எங்களால் எதுவும் முடிவு செய்ய முடியாது. துறைக்கு அனுப்புவோம், அவர்கள் சிலபஸ் கேட்பார்கள்: எந்தப் பாடநூல், எத்தனை அத்தியாயம், ரிக்ரெஷன் வரை போனார்களா, தேர்வு எப்படி. சிலபஸ் இல்லை என்றால் பொதுவான விருப்பப் பாடமாக ஏற்பார்கள், மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) கணக்கில் வராது. பிறகு அதே பாடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. இப்படி ஒரு செமஸ்டர் நீண்டுபோனவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஆகவே எடுத்த எல்லாப் பாடங்களின் சிலபஸையும் இன்றே பிடிஎஃப்-ஆக இறக்கி வைக்கச் சொல்லுங்கள். செமஸ்டர் முடிந்தால் சில தளங்களில் பூட்டிவிடுவார்கள்.

#15 டல்லாஸ்_தம்பி

வைகைக்கரை அண்ணா, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே, நான் ஒத்துக்கறேன். ஆனா ஒரு விஷயத்துல இன்னும் எனக்கு மனசு ஆறலை. நல்லா படிக்கிற பிள்ளைக்கு இடமில்லை, கம்யூனிட்டி காலேஜ்னா இடம் உண்டுங்கறது நியாயமா?

#16 சான்ஹோசே_மீனா

நியாயம்தான் தம்பி. எடிசன் சார் பொண்ணுக்கு ஏற்கெனவே ஒரு நல்ல பல்கலையில இடம் இருக்கு, நாலு வருஷம் முடிச்சா நல்ல பட்டம். எங்க பையன்கூட படிச்ச ஒரு அம்மா, பகல்ல ஆஸ்பத்திரியில வேலை, ராத்திரி வகுப்பு, ரெண்டு குழந்தை. அவங்களுக்கு வேற கதவே இல்லை. காலியா இருக்கறது பத்து இடம்னா அது அவங்களுக்குப் போகட்டும்.

#17 எடிசன்_அப்பா

மீனா அம்மா சொல்வதை நானும் ஏற்கிறேன்.

மகள் பென், கொலம்பியா இரண்டையும் லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டாள். கார்னெலில் அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் போடுகிறாள். கிடைக்காவிட்டால் இங்கேயே பொருளாதாரத்தோடு வரலாற்றையும் சேர்த்துப் படிப்பதாகச் சொல்கிறாள், அதற்கும் திட்டம் எழுதி வைத்திருக்கிறாள். கேட்கும் பாடங்களில் ஒன்று குறைந்தது, ஸ்பிரிங்கில் சேர்த்துவிட்டாள். கடைசியாக ஒரு சந்தேகம்: "காலேஜ் ரிப்போர்ட்", "மிட்டெர்ம் ரிப்போர்ட்" என்று இரண்டு படிவம் இருக்கின்றன. அவற்றை யார் நிரப்புவது?

#18 வைகைக்கரை

காலேஜ் ரிப்போர்ட்டை நிரப்புவது இப்போதைய பல்கலையின் டீன் அலுவலகம் அல்லது பதிவாளர் அலுவலகம். ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை, நல்ல நிலையில் இருக்கிறாள் என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். சில இடங்களில் இரண்டு வாரம்கூட ஆகும், இப்போதே கொடுத்துவிடுங்கள். மிட்டெர்ம் ரிப்போர்ட் என்பது நடப்பு செமஸ்டரில் ஒவ்வொரு பாடத்திலும் இதுவரை என்ன கிரேடு என்று அந்தந்த ஆசிரியர் எழுதிக் கையெழுத்துப் போடுவது. ஸ்பிரிங் பிரேக் மார்ச் தொடக்கத்தில் வந்தால் ஆசிரியர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள், அதற்கு முந்தைய வாரமே வாங்கிவிடட்டும். பள்ளி டிரான்ஸ்கிரிப்ட்டும் மறுபடி கேட்பார்கள், அதற்குப் பழைய பள்ளி அலுவலகத்துக்கு எழுத வேண்டும். எய்ட் வேண்டுமென்றால் எஃப்ஏஎஃப்எஸ்ஏ-வில் (அரசின் கல்வி உதவி விண்ணப்பம்) கார்னெலின் குறியீட்டைச் சேருங்கள், சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற குடும்ப நிதி விவரப் படிவமும் தனியாகப் போட வேண்டும். டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு அதன் கடைசித் தேதி வேறாக இருக்கலாம், அதை அவர்களுடைய எய்ட் அலுவலகப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.